கருங்காய்ச்சலின் கருவைக் கண்ட டாக்டர் டோனவன்

வடசென்னையின் வரலாற்றைப் பேசுவோர் துறைமுகத்தையும், 1856ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ராயபுரம் புகைவண்டி நிலையத்தையும், ஆலைத் தொழிலாளர்களின் போராட்டங்களையும் நினைவு கூர்வர். இப்பகுதி மக்களை வாட்டிய ஒரு நோய் உலக மருத்துவ வரலாற்றில் ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடங்கி வைத்தது என்பதை நினைவு கூர்வோர் குறைவு. கல்மண்டபத்திலிருந்து தெற்கே சென்றால் முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் வரும். இன்று ஜார்ஜ் டவுன் என வழங்கும் இப்பேட்டைகள் அந்நாளில் கறுப்பர் நகரம் எனப்பட்டன. அங்கிருந்து நீங்காத காய்ச்சலோடும் பெருத்த வயிற்றோடும் வந்த எளிய மக்களைப் பரிசோதித்த மருத்துவர் ஒருவர், 1903ஆம் ஆண்டில் அவர்களுடைய மண்ணீரலில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அவரே சார்லஸ் டோனவன். அவ்வுயிரியின் அறிவியற் பெயரில் அவருடைய பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அவர் கண்ட காட்சி ஒரு கேள்வியை எழுப்பியது. பகையுயிர்களை விழுங்கி அழிப்பதற்கென்றே உடலில் அமைந்துள்ள உயிரணு, இந்தப் பகையை மட்டும் விழுங்கிய பின்னும் ஏன் கொல்லவில்லை? அதற்குத் தெளிவான விடை கிடைக்க ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

பிறப்பும் பணியும்

டோனவன் 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். ஐரிஷ் மரபினரான அவருடைய தந்தையார் இந்தியாவில் நீதிபதியாகப் பணியாற்றியவர். தொடக்கக் கல்வியை இந்நாட்டில் பெற்ற டோனவன், சிறுவயதிலேயே கடல் கடந்து அயர்லாந்தின் கார்க் நகரத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் பயின்று, 1891ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, பிறந்த நாட்டுக்கே திரும்பினார். சில ஆண்டுகள் படைப்பிரிவுகளோடு பல ஊர்களுக்கும் சென்ற பின்னர், 1898ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். இருபதாண்டுகளுக்கு மேல் சென்னையே அவருடைய ஊராயிற்று.

சென்ட்ரல் நிலையத்தின் எதிரே நிற்கும் பொது மருத்துவமனை, இன்று ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ளது. அங்கேதான் டோனவன் நோயாளிகளைப் பார்த்தார். 1897ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டறிந்திருந்தார். அக்கண்டுபிடிப்பின் பெருமிதத்தில், நீண்ட காய்ச்சல் என்றாலே மலேரியா என்றும் மருந்து என்றாலே கொயினா என்றும் மருத்துவ உலகம் பழகியிருந்தது. ஆனால் பொது மருத்துவமனைக்கு வந்தவர்களுள் ஒரு சாராருக்குக் கொயினா பயன் தரவில்லை. காய்ச்சல் மாதக் கணக்கில் நீடித்தது. மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே கல்லைப் போல் பருத்து இறங்கியது. இரத்தம் குன்றி, உடல் மெலிந்து, தோல் கறுத்து, வயிற்றுப்போக்காலோ நுரையீரல் அழற்சியாலோ பெரும்பாலோர் இறந்தனர். அவர்களுடைய இரத்தத்தில் மலேரியாக் கிருமி காணப்படவில்லை. முற்றிய மலேரியா என்று எழுதி இக்குறிப்புகளை மூடிவைப்பது அக்காலத்து வழக்கம். டோனவன் அவ்வாறு மூடிவைக்க உடன்படவில்லை.

1903ஆம் ஆண்டு

அதே வேளையில் இங்கிலாந்தில் நெட்லி என்னும் ஊரின் இராணுவ மருத்துவப் பள்ளியில் வில்லியம் லீஷ்மன் என்பவர் பணியாற்றினார். கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் காய்ச்சலுற்று, நெட்லியில் 1900ஆம் ஆண்டில் இறந்த போர்வீரன் ஒருவனின் மண்ணீரலில் அவர் முட்டை வடிவமான நுண்ணிய உருக்களைக் கண்டிருந்தார். அவை டிரிப்பனோசோம் என்னும் கிருமியின் சிதைந்த எச்சங்கள் என்று கருதி, 1903 மே 30ஆம் நாள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியிட்டார்.

டோனவனும் அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், இறந்தோரின் மண்ணீரலிலிருந்து எடுத்த கண்ணாடிச் சில்லுகளில் இத்தகைய உருக்களைக் கண்டிருந்தார். எனினும் இறந்த உடலில் காண்பன உண்மையான கிருமிகளா, அழுகலால் விளைந்த சிதைவுகளா என்று அறுதியிட்டுக் கூற இயலாது. உயிருடன் இருப்பவரின் மண்ணீரலில் அவை இருப்பதைக் காட்டினால் மட்டுமே ஐயம் தீரும். பருத்த மண்ணீரலில் ஊசி செலுத்துவது உட்குருதிப் பெருக்கை விளைவித்து உயிரையே பறிக்கக் கூடிய செயல். அதன் இடரை நன்கறிந்தே டோனவன் அதை மேற்கொண்டார். ஜூன் 17ஆம் நாள், காய்ச்சலுற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில் அதே உருக்கள் தென்பட்டன. மருத்துவ ஏடுகளின் மரபுப்படி அச்சிறுவன் தன் வயதாலும் நோயாலும் மட்டுமே அறியப்படுகிறான்.

லீஷ்மனின் கட்டுரை கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, இருவரும் கண்டது ஒன்றே என்பதை டோனவன் உணர்ந்தார். அவருடைய குறிப்பு ஜூலை 11ஆம் நாள் அதே இதழில் வெளிவந்தது. தம் சில்லுகளை இங்கிலாந்தில் இருந்த ராஸுக்கும் பாரிஸில் இருந்த லவெரானுக்கும் அவர் அனுப்பினார். லவெரான் அதை வேறோர் இனத்தில் சேர்த்து டோனவனின் பெயரைச் சூட்டினார். ராஸ் அது அதுவரை அறியப்படாத புதிய இனம் என்று கண்டு, நவம்பர் மாதத்தில் லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். முன்னர்க் கண்டவர் யார் என்ற பூசலுக்கு அப்பெயரே நடுநிலையான தீர்ப்பாயிற்று. இனப்பெயரில் லீஷ்மனும் சிறப்புப் பெயரில் டோனவனும் இடம்பெற்றனர்.

விழுங்கும் உயிரணுக்கள்

அடுத்த ஆண்டில் கிறிஸ்டோபர்ஸ் என்னும் அறிஞர் சென்னையில் இந்நோயை ஆராய்ந்தார். ஊசியால் எடுத்த துளியில் உயிரணுக்கள் நசுங்கிச் சிதறுவதால் கிருமிகள் தனித்து மிதப்பனபோல் தோன்றும். உண்மையில் அவை மண்ணீரலின் பெரிய உயிரணுக்களுக்குள்ளே குடியிருக்கின்றன என்பது அவருடைய ஆய்வால் தெளிவாயிற்று. ஓர் உயிரணுவுக்குள் பத்தும் இருபதுமாகவும், சிலவற்றில் நூறு வரையிலும் கிருமிகள் நிறைந்திருந்தன. அவ்வுயிரணுக்கள் இன்று பெருவிழுங்கிகள் எனப்படுவன.

இச்செய்தி வியப்புக்குரியது. 1882ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் மெச்னிகோவ், இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளவுயிரியில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் அலைந்து திரியும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அயலான பொருளைச் சூழ்ந்து விழுங்கிச் செரிப்பதே உடலின் முதற் காவல் என்று அவர் நிறுவினார். அதற்காக 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். அவருடைய கொள்கையை மறுத்தோர், காவல் இரத்த நீரில் உள்ள பொருள்களின் வேலையே என்றனர். இரு சாராருக்கும் பாலம் அமைத்தவர் நெட்லியில் பேராசிரியராக இருந்த ஆம்ரோத் ரைட். இரத்த நீரின் சில பொருள்கள் கிருமியின் மேல் படிந்தால் மட்டுமே விழுங்கும் உயிரணு அதை எளிதில் உண்ணுகிறது என்று அவரும் டக்ளஸும் 1903ஆம் ஆண்டில் காட்டினர். சமைத்த உணவுக்குச் சுவையூட்டுவது போன்ற செயல் என்ற பொருளில் அப்பொருள்களுக்கு ஆப்சோனின் என்று பெயரிட்டனர். ஓர் உயிரணு எத்தனை கிருமிகளை விழுங்குகிறது என்று எண்ணிக் கணக்கிடும் முறையை அதற்கு முந்திய ஆண்டில் வகுத்துத் தந்தவர் வேறு யாருமல்லர். அதே லீஷ்மன்தான்.

ஆக, விழுங்குதல் எவ்வாறு நிகழ்கிறது என்று மேற்கே கண்டறிந்த அதே ஆண்டில், விழுங்கப்பட்டும் அழியாத ஓர் உயிரி சென்னையில் கண்டறியப்பட்டது. டோனவன் 1905ஆம் ஆண்டில் பொது மருத்துவமனையில் மற்றொரு நோயையும் ஆராய்ந்தார். பிறப்புறுப்பில் புண்ணாகப் பரவும் அந்நோயின் கிருமிகளும் விழுங்கும் உயிரணுக்களுக்குள்ளேயே காணப்பட்டன. டோனவன் உருக்கள் என்று அவை பெயர் பெற்றன, நோயும் டோனவனோசிஸ் ஆயிற்று. அவருடைய பெயர் தாங்கும் இரண்டு கிருமிகளும் காவலனின் வீட்டிலேயே குடியிருப்பவை.

மேற்பரப்பில் நிகழும் தீர்ப்பு

இப்புதிரின் விடை உயிரணுவின் மேற்பரப்பில் இருந்தது. பெருவிழுங்கியின் புறத்தோலில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் பல வகையாகப் பதிந்துள்ளன. ஒவ்வொன்றும் தனக்குரிய ஓர் அடையாளத்தை மட்டுமே பற்றும். எஃப்.சி. ஏற்பி, கிருமியின் மேல் படிந்த எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பற்றுகிறது. சி.ஆர்.3 என்னும் ஏற்பி, இரத்த நீரில் உள்ள நிரப்புப் புரதம் படிந்த பொருளைப் பற்றுகிறது. மன்னோஸ் ஏற்பி, கிருமிகளின் மேலுள்ள சர்க்கரைகளை இனங்காணுகிறது. விழுங்க ஆணையிடும் ஏற்பிகள் இவை.

விழுங்காதே என்று தடுக்கும் ஏற்பிகளும் உண்டு. சிர்ப் ஆல்ஃபா என்பது அவற்றுள் தலையாயது. நம் உடலின் உயிரணுக்கள் சி.டி.47 என்னும் புரதத்தை மேலே தாங்கியிருக்கின்றன. சிர்ப் ஆல்ஃபா அதைத் தொட்டவுடன், விழுங்குவதற்கு எழுந்த இயக்கம் அடங்கிவிடுகிறது. டோனவன் ஊசி செலுத்திய மண்ணீரலே இத்தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்படும் இடம். ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுக்கள் மண்ணீரலின் பெருவிழுங்கிகளை உராய்ந்தவாறு கடந்து செல்கின்றன. நல்லவை தப்புகின்றன, மூப்படைந்தவை உண்ணப்படுகின்றன. சி.டி.47 இல்லாத சிவப்பணுக்களை எலிகளின் உடலில் செலுத்தியபோது, மண்ணீரல் அவற்றை விரைந்து விழுங்கித் தீர்த்தது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரே ஓர் ஏற்பியின் சொல்லால் முடிவு பிறப்பதில்லை. எதிர்ப்பொருளைப் பற்றிய எஃப்.சி. ஏற்பிகள் தோலின் மேல் நகர்ந்து ஓரிடத்தில் திரள்கின்றன. சிக் என்னும் நொதி அங்கே வந்து கூடி, உட்புறத்தில் ஆக்டின் இழைகளைத் தூண்டுகிறது. உயிரணுவின் தோல் இருபுறமும் எழும்பி, உடுப்பின் பல்லிணை போல் ஏற்பிக்கு ஏற்பி பற்றியேறிக் கிருமியை மூடுகிறது. சிர்ப் ஆல்ஃபா அதே இடத்தில் தொடப்பட்டால், எஸ்.எச்.பி.-1 என்னும் நொதி வந்து அத்தூண்டுதலை அழித்துவிடும். சி.டி.45 என்னும் உயரமான புரதமும் தூண்டுதலைத் துடைக்கும் இயல்புடையது. இரு மேற்பரப்புகளும் மிக நெருங்கும்போது அதற்கு இடமின்றி ஒதுங்குகிறது, தூண்டுதல் வலுக்கிறது. எதிர்ப்பொருள் கிருமியின் தோலிலிருந்து ஏறத்தாழ 10 நானோமீட்டருக்குள் ஒட்டியிருந்தால்தான் இவ்வொதுங்கல் நிகழ்கிறது என்று 2018ஆம் ஆண்டின் ஆய்வொன்று அளந்து காட்டியது. ஏவுவோரும் தடுப்போரும் கூடி எடுக்கும் முடிவே விழுங்குதல் எனலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எந்த ஏற்பியின் வழியே ஒரு பொருள் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தே அதற்குக் கிடைக்கும் வரவேற்பும் அமைகிறது. எஃப்.சி. ஏற்பியின் வழியே நுழைவதன் மேல் உயிரணு பெரும்பாலும் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்களைப் பொழிகிறது. சி.ஆர்.3 வழியே நுழைவதற்கு அத்தகைய சீற்றம் எழுவதில்லை.

லீஷ்மேனியா இந்நுட்பத்தைப் பயன்கொள்கிறது. மணல் ஈ கடித்துச் செலுத்தியவுடன் நிரப்புப் புரதம் கிருமியின் மேல் படிகிறது. அப்புரதம் கிருமியைத் துளைத்துக் கொல்ல முனையும் முன்பே, கிருமியின் தோலிலுள்ள ஜி.பி.63 என்னும் நொதி அதை வெட்டி, சி.ஆர்.3 விரும்பிப் பற்றும் வடிவமாக மாற்றிவிடுகிறது. கொல்ல வந்த ஆயுதம் அனுமதிச் சீட்டாகிறது. கிருமி அமைதியான வாயில் வழியே உள்ளே சென்று, உருமாறி, அமிலம் நிறைந்த அறையிலேயே பெருகுகிறது. அந்த உயிரணு வெடித்தபின் வெளிவரும் கிருமிகளின் மேல் எதிர்ப்பொருள்கள் படிகின்றன. அவை எஃப்.சி. ஏற்பியின் வழியே அடுத்த உயிரணுவுக்குள் செல்கின்றன. சீற்றம் எழ வேண்டிய அவ்வாயிலிலும், இன்டர்லூக்கின்-10 என்னும் அடக்கும் பொருளையே அவை சுரக்கச் செய்கின்றன. கருங்காய்ச்சல் நோயாளியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் ஏராளமாக இருந்தும் அவை அவரைக் காக்காததன் காரணம் இதுவே. காக்கும் ஆற்றல் டி உயிரணுக்களிடம் உள்ளது. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா, பெருவிழுங்கியை விழிப்புறச் செய்து, உள்ளிருக்கும் பகையைக் கொல்ல வைக்கிறது.

தேடலும் ஓய்வும்

இவையெல்லாம் டோனவன் காலத்திற்குப் பிந்தியவை. அவருடைய காலத்தில் நோய் எவ்வாறு பரவுகிறது என்பதே பெருங்கேள்வியாக இருந்தது. கிண்டி கிங் நிலையத்தில் பேட்டன் என்பவர் மூட்டைப்பூச்சியை ஐயுற்றார். டோனவன் நகரத்து நாய்களையும், குருதி குடிக்கும் பெரிய பூச்சி ஒன்றையும் ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் எழுதினார். இரண்டு வழிகளும் உண்மைக்கு இட்டுச் செல்லவில்லை. மணல் ஈயே நோயைப் பரப்புகிறது என்பது 1942ஆம் ஆண்டில்தான் ஐயமற நிறுவப்பட்டது. உலர்ந்த திராட்சையைத் தின்னக் கொடுத்தால் மணல் ஈயின் உடலில் கிருமி செழித்து வளரும் என்ற சிறு உண்மை அவ்வெற்றிக்கு வழி திறந்தது. சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அத்தகைய ஈக்களைக் கொண்டு, தாமே முன்வந்த அசாமியத் தொண்டர்களிடம் சோதனையை நிறைவேற்றினர்.

மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920ஆம் ஆண்டில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமின், தப்பிப் பிழைத்தல் அரிதாயிருந்த நோயைக் குணப்படுத்தக் கூடியதாக மாற்றியது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே டோனவன் ஓய்வு பெற்றுவிட்டார். தாம் கண்டறிந்த நோய்க்குத் தம் கையால் நல்ல மருந்து கொடுக்கும் வாய்ப்பு, சென்னையில் பணியாற்றிய காலமெல்லாம் அவருக்குக் கிட்டவில்லை.

1911ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ராயப்பேட்டை மருத்துவமனையின் முதற் கண்காணிப்பாளராகவும் அவர் விளங்கினார். ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தின் பர்ட்டன் ஆன் த வாட்டர் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். வண்ணத்துப்பூச்சிகளின் மேல் அவருக்கு இளமை முதலே தீராத காதல். அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் தொகுத்து 1936ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1951 அக்டோபர் 29ஆம் நாள், தம் எண்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

இன்று

1950களில் மலேரியாவை ஒழிக்க வீடுதோறும் தெளிக்கப்பட்ட டி.டி.டி., மணல் ஈக்களையும் சேர்த்து ஒழித்தது. கருங்காய்ச்சல் நாடெங்கும் அடங்கியது. சென்னையின் வடபகுதியிலிருந்தும் அது விலகிப் போனது. பீகாரில் தெளிப்பு நின்றபின் 1970களில் அந்நோய் மீண்டும் தலைதூக்கி, மண்சுவர் வீடுகளில் வாழும் ஏழைகளையே பிடித்தது. 2023ஆம் ஆண்டில், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்நோயை அகற்றிய முதல் நாடாக வங்காள தேசத்தை உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அவ்வெற்றியில் பங்கு கொண்ட மருந்துகளுள் ஒன்று, ஆம்ஃபோடெரிசின் என்னும் பொருளைக் கொழுப்பாலான நுண்குமிழிகளில் அடைத்து இரத்தத்தில் செலுத்துவதாகும். ஒரே முறை செலுத்தினாலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாவதாக, பீகாரில் ஷியாம் சுந்தர் குழுவினர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அக்குமிழிகள் மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் வந்தவுடன் அங்குள்ள பெருவிழுங்கிகள் அவற்றை விழுங்குகின்றன. கிருமி எந்த உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கிறதோ அதே உயிரணுவுக்குள் மருந்தும் சென்று சேர்கிறது. 1903ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில் டோனவன் கண்ட கிருமியை, அது புகுந்த வழியே சென்று அழிக்கும் மருத்துவம் இவ்வாறு கைகூடியது.